‘கேஷ்’ என்ற சொல்லைக் கையாளுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வணிக ஆவணங்களைத் தமிழாக்குவோரின் கைப்படிகளைச் சரிபார்ப்பது என் வேலையாக இருப்பதால், ‘கேஷ்’ (cash) என்ற சிறிய ஆங்கிலச் சொல் எத்தனை பேரை இடறச் செய்கிறது என்பதை அடிக்கடி காண்கிறேன். புதிதாக இத்துறைக்கு வருவோர் இடறுகிற இடங்கள் எனக்குப் பழகிய இடங்களே. எழுத்துப்பிழை, ஒருமை பன்மை மயக்கம் போன்றவற்றை எவரும் தாமே கண்டு திருத்திக்கொள்வர் என்பதால், கண்ணுக்கு எளிதில் தென்படாத தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

எழுத்து ஒன்று என்பதால் சொல்லும் ஒன்று என்று கொள்வது

பெரிய ஆங்கில அகராதிகள் ‘கேஷ்’ என்பதற்கு 1, 2 என எண்ணிட்டுத் தனித்தனிப் பதிவுகளைத் தருகின்றன. அந்த எண்கள் ஒரே சொல்லின் பல பொருள்களைக் குறிப்பவை அல்ல. வெவ்வேறு பிறப்புடைய சொற்கள் ஒரே எழுத்துக்கூட்டில் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதற்கான அடையாளம் அவை.

முதல் ‘கேஷ்’ பெட்டியில் பிறந்தது. இலத்தீனில் ‘காப்சா’ என்றால் பெட்டி. அது இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ என்றும் பிரெஞ்சில் ‘கெஸ்’ என்றும் ஆகி, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்று நுழைந்தபோது, வணிகர் பணம் வைக்கும் பெட்டியையே குறித்தது; பின்னர் பெட்டிக்குள் இருந்த பணத்துக்கும் அதுவே பெயராயிற்று. நம் கடைகளில் ‘இன்று கல்லா எவ்வளவு?’ என்று கேட்கும்போது பெட்டியின் பெயர் பணத்தின் மேல் ஏறி நிற்பதைப் போன்றதே இது. கேஷியர் என்பவரும் இந்தப் பெட்டியைக் காப்பவரே. கேப்சூல், கேசட், வண்டியின் சேஸிஸ், சூட்கேஸில் உள்ள ‘கேஸ்’ ஆகிய அனைத்தும் இதே பெட்டியின் வழிவந்தவை. ஆனால் நீதிமன்றத்தில் நடக்கும் ‘கேஸ்’ இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததன்று; அது விழுதல், நேர்தல் என்னும் பொருளுடைய ‘காசுஸ்’ என்ற இலத்தீன் சொல்லிலிருந்து வந்தது. அந்தக் ‘காசுஸ்’ என்பதையும் நம் காசோடு முடிச்சுப் போட்டுவிட வேண்டாம் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்கிறேன்.

இரண்டாவது ‘கேஷ்’ தென்னிந்தியாவிலும் கிழக்கு ஆசியாவிலும் வழங்கிய சிறு நாணயத்தின் பெயர். தமிழ்க் ‘காசு’ போர்த்துக்கீசியர் வாயில் ‘கைஷா’ ஆகி, அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றது இதுதான்.

ஒலியை மட்டும் நம்புவது

கணினியின் இடைநினைவகத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ (cache), ஒளித்துவைத்தல் என்னும் பொருளுடைய பிரெஞ்சு வினையிலிருந்து வந்தது. பணத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. படை அதிகாரியைப் பதவியிலிருந்து நீக்குவதைக் குறிக்கும் ‘கேஷியர்’ என்ற வினைச்சொல் டச்சு வழியாக வந்தது. அது காசாளரைச் சார்ந்ததன்று.

முந்திரிக்கொட்டையின் ஆங்கிலப் பெயரான ‘கேஷ்யூ’ பற்றி உலவும் கதையையும் இங்கே சொல்லியாக வேண்டும். கேரளத்தில் ஒரு காசுக்கு எட்டுக் கொட்டை என்று கூவி விற்றதை வெள்ளையர் கேட்டு, ‘காசினு எட்டு’ என்பதைக் ‘கேஷ்யூ நட்’ ஆக்கினர் என்பது அக்கதை. கேட்பதற்கு இனிமையாகத்தான் இருக்கிறது. அம்மரம் பிரேசிலிலிருந்து போர்த்துக்கீசியரால் கொண்டுவரப்பட்டது. பெயரும் அங்குள்ள தூப்பி மொழியிலிருந்து ‘கஜு’ என்று அவர்கள் வழியாகவே வந்தது. இலங்கைத் தமிழர் இன்றும் அதைக் கஜு என்றே சொல்கின்றனர்.

நாணயத்தை ரொக்கமாக்குவதும், ரொக்கத்தைக் காசின் வழித்தோன்றலாக்குவதும்

நான் பார்த்தவற்றுள் மிகுந்த இழப்பை உண்டாக்கியதும், இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவதும் இந்தத் தவறே. இது இரண்டு திசைகளில் நடக்கிறது. பல சமயம் ஒரே கைப்படியில் இரண்டும் இருக்கும்.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி 1818 வரை கடைப்பிடித்த கணக்கு முறையில், 80 காசு சேர்ந்தால் ஒரு பணம், 42 பணம் சேர்ந்தால் ஒரு வராகன். ஆங்கிலக் கணக்கேடுகளில் இவை பெரியதிலிருந்து தொடங்கி ‘பகோடா’ (வராகன்), ‘ஃபனம்’ (பணம்), ‘கேஷ்’ (காசு) என்று மூன்று பத்திகளில் எழுதப்பட்டிருக்கும். உள்ளூர் வரலாற்று நூல் ஒன்றுக்காக இத்தகைய கணக்குகளை மொழிபெயர்த்த ஒருவர், மூன்றாம் பத்தியின் தலைப்பில் இருந்த ‘கேஷ்’ என்பதை ‘ரொக்கம்’ என்று பெயர்த்தார். அதோடு நின்றிருந்தால் ஒரு சொல்லைத் திருத்தி முடித்திருக்கலாம். ஆனால் அவர், முதல் இரண்டு பத்திகளில் இருப்பவை கடன் தொகைகள் என்றும் மூன்றாம் பத்தியில் இருப்பது மட்டுமே கையில் கொடுக்கப்பட்ட பணம் என்றும் கருதி, கம்பெனி நெசவாளர்களுக்கு மிகச் சிறிய தொகையை மட்டுமே ரொக்கமாகக் கொடுத்துவிட்டு மீதியைக் கடனாக நிறுத்திவைத்தது என்று ஒரு முழு அத்தியாயம் எழுதிவிட்டார். கம்பெனி நெசவாளர்களிடம் நடந்துகொண்ட முறையைக் குறைசொல்ல வேறு நல்ல சான்றுகள் எத்தனையோ இருக்க, நாணயப் பெயர் ஒன்றைத் தவறாகப் படித்ததன் மேல் அந்தக் குற்றச்சாட்டு எழுப்பப்பட்டிருந்தது.

மூன்றாம் பத்தியில் எந்த வரியிலும் 79க்கு மேல் ஓர் எண் இல்லை என்பதை அவர் ஒரு முறை கவனித்திருந்தால் போதும். ரொக்கத்துக்கு அப்படி ஓர் எல்லை இருக்க முடியாது. 80 ஆனவுடன் அடுத்த பத்திக்கு ஏறிவிடுகிற ஒன்று நாணய அலகாக மட்டுமே இருக்க முடியும். 2 வராகன், 41 பணம், 79 காசு என்ற தொகையோடு ஒரு காசைக் கூட்டினால் விடை சரியாக 3 வராகன். ஒரு பக்கத்தின் கூட்டுத்தொகையைப் போட்டுப் பார்ப்பதற்கு மொழியறிவுகூடத் தேவையில்லை. அச்சிட்ட படிகள் கிடங்கிலிருந்து கழிவுத்தாளாகப் போன பிறகே இதை அவரிடம் விளக்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அப்போதும் அவர் அகராதியைக் காட்டி, ‘கேஷ் என்றால் ரொக்கம் என்றுதானே போட்டிருக்கிறது, ஐயா’ என்றார். போட்டிருந்தது உண்மைதான், அது முதல் எண்ணிட்ட பதிவு.

அதே நூலின் முன்னுரையில் மற்றத் திசையும் இருந்தது. உலகம் முழுவதும் பணத்தைக் குறிக்க வழங்கும் ‘கேஷ்’ தமிழ் தந்த கொடை என்று அவர் பெருமையோடு எழுதியிருந்தார். சான்றாக, யூல், பர்னெல் ஆகிய இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த ‘ஹாப்சன்-ஜாப்சன்’ சொற்களஞ்சியத்தைக் காட்டினார். அதில் காசு, கைஷா, கேஷ் என்ற வரிசை இருப்பது மெய்யே. ஆனால் அப்பதிவு தொடங்கும்போதே, ஐரோப்பியர் இந்தியா உள்ளிட்ட கீழைநாடுகளின் குறைந்த மதிப்புள்ள நாணயங்களுக்கு இட்ட பெயரைப் பற்றியே பேசுவதாகச் சொல்லிவிடுகிறது. தொடக்க வரியை விட்டுவிட்டுத் தமக்கு இனிக்கிற வரியை மட்டும் எடுத்துக்கொள்வோர் இவர் ஒருவர் அல்லர். ஆண்டுதோறும் புதிதாக ஒருவர் வந்து அதே வரியைக் கண்டுபிடிக்கிறார். ஆக, நாணயமாக இருந்த ‘கேஷ்’ ரொக்கமாயிற்று, ரொக்கமாக இருந்த ‘கேஷ்’ காசாயிற்று. இரண்டு பதிவுகளும் ஒரே நூலில் இடம் மாறி நின்றன.

பொதுவான பணத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ காசிலிருந்து வரவில்லை என்பதற்கு வலுவான சான்று அதன் பழைய பொருளே. ஜான் ஃப்ளோரியோ 1598இல் வெளியிட்ட இத்தாலிய-ஆங்கில அகராதி, ‘காஸ்ஸா’ என்பதற்குப் பெட்டி முதலிய பொருள்களோடு வணிகரின் ‘கேஷ்’ என்பதையும் தருகிறது. அங்கே பேசப்படுவது நாணயம் அன்று, பெட்டி. காசு என்ற சொல் பெட்டியாகி, மீண்டும் பணமானது என்று காட்ட எவரிடமும் ஒரு வரிச் சான்றும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்கு ஓரளவு நியாயமான காரணம் இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். போர்த்துக்கீசிய மொழியில் ‘கைஷா’ என்பதற்கு ஏற்கெனவே பெட்டி என்று பொருள். அதுவும் இலத்தீன் ‘காப்சா’ வழிவந்ததே. தமிழ்க் காசைக் கேட்டவர்கள் தமக்குப் பழகிய அந்த வடிவத்திலேயே அதை எழுதியதால், இரு சொற்களும் முதலில் மயங்கியது ஆங்கிலத்தில் அன்று, போர்த்துக்கீசியத்தில்.

ஆண்டை மட்டும் பார்த்து முடிவு கட்டுவது

கம்பெனி தோன்றியது 1600இன் இறுதியில், மசூலிப்பட்டினத்தில் கால்வைத்தது 1611இல், சென்னையில் இடம் பெற்றது 1639இல். ஆகவே 1598இல் ஃப்ளோரியோ தரும் ‘கேஷ்’ தமிழ்ச் சொல்லாக இருக்க முடியாது என்று சிலர் வாதிடுவர். முடிவு சரி, வழி தவறு. போர்த்துக்கீசியர் அதற்கு நெடுங்காலம் முன்பே இங்கே வந்துவிட்டனர். அவர்கள் வழியாகச் சொற்கள் எழுத்தில் பயணம் செய்திருக்க முடியும்.

அகராதியில் முதலில் நிற்கும் பொருளே மூலப்பொருள் என்பது

வழக்கு மிகுதியால் அது முதலில் நிற்கலாம். பொருள்களை எந்த வரிசையில் தருகிறது என்பதை அறிய அந்த அகராதியின் முன்னுரையைப் படியுங்கள்.

மறுக்கப்போய் எல்லாவற்றையும் மறுப்பது

மிகைப்பற்றைக் கண்டு சலித்தவர்கள், ஆங்கிலக் ‘கேஷ்’ எதற்கும் காசோடு தொடர்பே இல்லை என்று சொல்லிவிடுகின்றனர். இது முன்னதற்குச் சற்றும் குறைந்த தவறன்று. 1803இல் சென்னை மாகாணத்துக்காக இங்கிலாந்தில் அடித்த செப்பு நாணயத்தின் ஒரு பக்கத்தில் ரோமன் எண்ணில் 20 ‘கேஷ்’ என்றும், அதே பக்கத்தில் உள்ள பாரசீக வாசகத்தில் 20 ‘காஸ்’ என்பது ஃபுலூஸ் என்னும் சிறு நாணயம் 4 என்றும் பொறித்திருக்கிறது. அதே வகையில் 1808ஆம் ஆண்டு பொறித்த நாணயங்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் புறப்பட்ட ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்தின் கெண்ட் கரைக்கு அப்பால் குட்வின் மணல்திட்டில் மூழ்கியது. 1980களில் மேலே கொண்டுவரப்பட்ட அந்தக் காசுகள் இன்றும் நாணயம் சேர்ப்போரிடையே விலைக்குக் கிடைக்கின்றன.

பாண்டிச்சேரியில் பிரெஞ்சுக்காரர் காசை ‘காஷ்’ என்று எழுதினர். தரங்கம்பாடியில் டேனியர் 80 ‘காஸ்’ ஒரு பணம் என்று நாணயம் அடித்தனர். டேனிய மொழியில் பெட்டிக்கும் பணப்பெட்டிக்கும் ‘காஸெ’ என்ற தனிச்சொல் உண்டு என்பதால், அங்கே இரண்டும் எழுத்திலேயே விலகி நிற்பதைக் காணலாம். ஆங்கிலத்தில் கிடைக்காத இந்த வசதியைத் தொடக்க நிலையினருக்கு நான் எப்போதும் காட்டுவேன். திருவிதாங்கூரில் 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற முறையில், ஆங்கிலத்தில் ‘ஒன் கேஷ்’ என்று பொறித்த செப்புக்காசு 20ஆம் நூற்றாண்டிலும் புழங்கியது. அப்போது கன்னியாகுமரி மாவட்டப் பகுதியும் அந்த அரசில்தான் இருந்தது. நடுவில் சதுரத் துளையுடைய சீன நாணயத்தை ஆங்கிலத்தில் ‘கேஷ்’ என்பதும் இதே வழியில் வந்ததே. பெருமை கொள்ள விரும்புவோர் தாராளமாக இதைச் சொல்லிப் பெருமை கொள்ளலாம்.

காசு என்றாலே நாணயம் என்று படிப்பது

தமிழ்ப் பக்கத்திலும் எச்சரிக்கை வேண்டும். சிலப்பதிகாரத்தின் ‘காசறு விரையே’ என்ற தொடரில் காசு என்பது குற்றம்; வெண்பாவின் ஈற்றுச்சீரில் அது நாள், மலர், பிறப்பு ஆகியவற்றோடு நிற்கும் வாய்பாடு; அணிகலனில் கோக்கும் மணிக்கும் அதுவே பெயர்.

இன்றைய நிதிநிலை அறிக்கையில் கைரொக்கம் என்று மட்டும் பெயர்ப்பது

வங்கியில் கேட்டவுடன் எடுக்கத்தக்க இருப்பும் அங்கே ‘கேஷ்’ என்பதில் அடங்கும். கைரொக்கம் அதன் ஒரு பகுதி.

தமிழ் எழுத்தில் பிரித்துக் காட்டாமல் விடுவது

நாணயத்துக்குக் காசு, பணத்துக்கு ரொக்கம், கணினிக்கு இடைநினைவகம் என்று எழுதுங்கள். மூன்றையும் ‘கேஷ்’ என்று விட்டு வரும் கைப்படியை நான் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.