தீயணைப்பு, மீட்புப் பணியாளரின் மனநலம்: மட்டக்களப்பு, அம்பாறைப் பொறுப்பதிகாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

நீங்கள் மாநகர சபையின் தீயணைப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கலாம், 1990 என்ற இலக்கத்தில் அழைக்கும் சுவசெரிய அம்புலன்ஸில் கடமை செய்யலாம், அல்லது வெள்ளக் காலத்தில் தோணியோடு இறங்கும் ஊர் இளைஞர்களை வழிநடத்தலாம். யாராக இருந்தாலும், உங்கள் ஆட்களின் மனநலம் பற்றி முதலில் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். அவர்கள் வந்து உதவி கேட்கும் வரை காத்திருப்பதா, கேட்காமலே கிடைக்கும்படி அதைக் கடமை ஒழுங்குக்குள் வைப்பதா? மனநலக் கிளினிக்குக்குப் போனவரை ஊர் எப்படிப் பேசும் என்பது தெரிந்திருப்பதால், நம் பகுதியில் பெரும்பாலானோர் வந்து கேட்க மாட்டார்கள். ஆகவே இரண்டாவது வழியே சரியானது என்பது என் உறுதியான கருத்து.

இங்கே இந்தப் பணியின் பாரம் கூடுதலாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. வாவியிலிருந்து தூக்கப்படும் உடல் பெரும்பாலும் அந்நியருடையதாக இருப்பதில்லை. தெரிந்த குடும்பத்துப் பிள்ளையாக, கூடப் படித்தவனின் தம்பியாக இருக்கும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் நாட்டிலேயே அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. அன்று கல்முனையிலும் காரைதீவிலும் நாவலடியிலும் உடல்களைத் தூக்கியவர்களில் பலர் தம் சொந்த வீட்டாரைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். 2024 நவம்பர் இறுதியில் மாவடிப்பள்ளியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை வெள்ளம் அடித்துச் சென்றபோதும், படையினரோடு ஊரவர்களும் நாட்கணக்கில் தண்ணீருக்குள் தேடினார்கள். இப்படித் திரும்பத் திரும்பப் பிறரின் கோர மரணத்தைக் கையாள்வதும் மனவடுவை உண்டாக்கும் என்பதை, உடற்பாகங்களைச் சேகரிக்கும் மீட்புப் பணியாளரை உதாரணமாகக் காட்டியே, அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட மனநோய்களை வரையறுக்கும் கையேடு ஏற்றுக்கொண்டிருக்கிறது. எனவே, "நமக்கு ஒன்றும் நடக்கவில்லையே, நாம் பார்த்தது மட்டும்தானே" என்று எவரும் தம்மைத் தாமே ஒதுக்கிக்கொள்ள வேண்டியதில்லை.

சம்பவ இடத்தில்

தேவையில்லாதவர் பார்க்காமல் இருப்பதே மிக மலிவான பாதுகாப்பு. உடலைத் தூக்க நான்கு பேர் போதுமென்றால், மற்றவர்களை வீதியை மறிக்கவும் வாகனத்தைத் தயார்படுத்தவும் அனுப்புங்கள். உடலை, குறிப்பாக முகத்தை, கூடிய விரைவில் மூடுங்கள். இறந்தவர் யாருக்காவது உறவு என்று தெரிந்தால், எந்த விளக்கமும் கேட்காமல் அவரை அந்த வேலையிலிருந்து மாற்றிவிடுங்கள். சம்பவப் படங்களைக் கைபேசியில் எடுப்பதையும் வாட்ஸ்அப் குழுக்களில் போடுவதையும் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். அது இறந்தவரின் குடும்பத்துக்குச் செய்யும் கொடுமை என்பதோடு, அந்த இடத்தில் நின்று களைத்தவனை இரவு முழுவதும் அதே காட்சிக்குள் மீண்டும் தள்ளுவதுமாகும்.

திரும்பி வந்த முதல் மணித்தியாலம்

இந்த நேரத்தில் பேச்சைவிடக் குளிப்பும் தேநீரும் முக்கியம். நீரில் சில நாள் கிடந்த உடலைத் தூக்கியவர் நிலையத்துக் குழாயடியில் சவர்க்காரத்தை மாற்றி மாற்றிப் போட்டுக் கையைக் கழுவுவார். கழுவிவிட்டு முகர்ந்து பார்ப்பார். பிறகு மீண்டும் கழுவுவார். அன்று மீன்குழம்பு வந்தால் சோற்றைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோவார். இதைக் கண்டு சிரிக்கவும் கூடாது, பதறவும் கூடாது. உடுப்பை மாற்ற இடம் கொடுங்கள், இஞ்சி போட்ட பிளேன்டீ கொடுங்கள், கொஞ்ச நேரம் பக்கத்தில் இருங்கள். இயலுமானால் அடுத்த அழைப்புக்கு வேறு ஆட்களை அனுப்புங்கள்.

2011இல் உலக சுகாதார நிறுவனம் பங்காளிகளோடு வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கைநூல், உதவுபவர் செய்ய வேண்டியதைப் பார், கேள், இணை என்ற மூன்றில் அடக்குகிறது. நிலையத்தில் அதன் பொருள் இவ்வளவுதான்: யார் வழமைக்கு மாறாக ஒதுங்கியிருக்கிறார், யாருக்குக் கை நடுங்குகிறது என்று பாருங்கள், பேச விரும்பினால் இடைமறிக்காமல் கேளுங்கள், வீட்டாரோடும், தேவையானால் வைத்தியரோடும் தொடர்பு ஏற்படுத்துங்கள். எல்லோரையும் வட்டமாக இருத்தி, கண்டதை ஒவ்வொருவராக விவரிக்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அதைச் செய்யவேண்டாம். அப்படி ஒரே அமர்வில் எல்லாவற்றையும் கொட்டவைப்பது பின்னால் வரும் மனவடுவைத் தடுப்பதில்லை என்பதால், உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை.

பேசும் வார்த்தைகளும் எளிமையாக இருக்கட்டும். "மச்சான், இண்டைக்கு நித்திரை வராட்டி எத்தின மணியெண்டாலும் எனக்குக் கோல் எடு" என்பது போதும். "ஆம்பிளை அழலாமா" என்று சொல்லாதீர்கள். அதைவிட அடிக்கடி வாயில் வருவது மூத்தவர்களின் பேச்சு: "இது என்ன தம்பி, சுனாமிக்குள்ள நாங்க பார்க்காததா?" ஆறுதலாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இருபத்தைந்து வயதுக்காரனின் காதில் அது 'உன் வேதனை கணக்கில் வராது' என்றே விழும், அதன்பின் அவன் வாய் திறக்க மாட்டான். மூத்தவர்கள் தாம் அந்நாட்களில் நித்திரையின்றி எப்படிச் சமாளித்தார்கள் என்பதைச் சொன்னால், அதே அனுபவம் பெரும் துணையாக மாறும்.

முதல் மாதம்

நித்திரைக் குறைவு, காட்சி கண்ணுக்குள் வந்து போதல், சிறு சத்தத்துக்கும் திடுக்கிடுதல், வீட்டில் எரிச்சல் ஆகியவை முதல் சில வாரங்களில் பலருக்கும் வருவன. பெரும்பாலானோரில் தாமாகவே குறைந்தும் விடுகின்றன. இதை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் மருந்தில் பாதி, ஏனெனில் தனக்குப் புத்தி பிசகுகிறதோ என்ற பயமே பலரை வாட்டுகிறது. மூன்றாம் நாளும், பத்தாம் நாளும், மாதம் முடியும்போதும் நீங்களே தேடிப்போய் விசாரிப்பதை நிலையத்தின் குறிப்புப் புத்தகத்தில் ஒரு வேலையாக எழுதி வையுங்கள்.

நித்திரைக்காகச் சாராயத்தை நாடுவது தொடங்குகிறதா என்பதைக் கவனியுங்கள். மது நித்திரையைக் கொடுப்பதுபோல் தோன்றி, நடு இரவில் எழுப்பிவிடும். பாமசியில் கேட்டு நித்திரைக் குளிசை வாங்கிப் போடுவதும் வேண்டாம். அதை வைத்தியர் தீர்மானிக்கட்டும். கோயிலில் திருநீறு போடுவதையோ, பள்ளிவாசலில் ஓதிப் பார்ப்பதையோ, தேவாலயத்தில் செபிப்பதையோ சிகிச்சைக்கு எதிராக நிறுத்தாதீர்கள். இரண்டும் சேர்ந்தே நடக்கலாம். இறந்தவரின் முப்பத்தோராம் நாளுக்கோ நாற்பதாம் நாள் கத்தத்துக்கோ போவதா என்பதை அவரவர் விருப்பத்துக்கு விடுங்கள்.

வைத்தியரிடம் அனுப்புவது

ஒரு மாதம் கடந்தும் அறிகுறிகள் குறையவில்லை, சம்பவம் நடந்த வீதியால் போகவே மறுக்கிறார், குடி கூடுகிறது, பிள்ளைகளை அடிக்கிறார், அழைப்பு மணிக்கு உறைந்து நிற்கிறார் என்றால் இனி தாமதிக்கக் கூடாது. மனவடுவை மையமாகக் கொண்ட பேச்சுச் சிகிச்சைகளால் இது குணமாகக்கூடியது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவு இருக்கிறது; அம்பாறையில் பொது வைத்தியசாலை இருக்கிறது; கரையோரத்தில் இருப்பவர்கள் பக்கத்து ஆதார வைத்தியசாலையில் கிளினிக் எந்தக் கிழமை நடக்கிறது என்று கேட்டறிந்து வைத்திருக்கலாம். அரச வைத்தியசாலையில் கட்டணம் இல்லை. பிரதேச செயலகங்களின் உளவளத்துணை உத்தியோகத்தர்களையும் நாடலாம். சொந்த ஊர்க் கிளினிக் வரிசையில் இருக்கக் கூச்சப்பட்டால் அடுத்த ஊருக்குப் போகட்டும், முதல் தடவை நீங்களும் கூடப் போங்கள். அங்கே பேசியதைக் கேட்காதீர்கள். அதைப் பதவி உயர்வை மறுப்பதற்கோ இடமாற்றத்துக்கோ காரணமாக்க மாட்டேன் என்ற உங்கள் வாக்கு காப்பாற்றப்பட்டால்தான் அடுத்தவர் வருவார்.

உயிரை மாய்க்கும் எண்ணம் இருக்கிறதா என்று சந்தேகித்தால் நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. 'ஓம்' என்றால் தனியே விடாதீர்கள், பூச்சிமருந்தும் ஆயுதமும் எட்டாமல் வையுங்கள், வைத்தியசாலையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். 1926 தேசிய மனநல உதவி இலக்கமும் 1333 ஆலோசனை இலக்கமும் நிலையச் சுவரில் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இறுதியாக, நாட்காட்டி. வடகீழ்ப் பருவமழை, வெள்ளம், சூறாவளி, சுனாமி நினைவுநாள் எல்லாம் நவம்பர், டிசம்பரில் ஒன்றாக வருகின்றன. ஆகையால் ஒக்டோபரிலேயே இருவர் இருவராகச் சோடி சேர்த்து ஒருவரையொருவர் கவனிக்கச் சொல்லுங்கள்; வீட்டாரை ஒரு மாலை அழைத்து, என்ன மாற்றம் தெரிந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்று பேசுங்கள்; டிசம்பர் 26 அன்று விடுப்பு வேண்டும் என்பவரின் பெயரை முன்கூட்டியே எழுதுங்கள். அந்தச் சோடிப் பட்டியலில் பொறுப்பதிகாரியான உங்கள் பெயருக்குப் பக்கத்திலும் இன்னொருவரின் பெயர் இருக்க வேண்டும்.