ஸ்கூல் பசங்களுக்கு பேட்மின்டன் சொல்லிக்குடுக்குறப்போ பண்ணக்கூடாத தப்புகள்

புதுசா கோச்சிங் எடுக்க வர்றவங்களப் பாத்தா, ஒரு காலத்துல நாங்க பண்ண கூத்த அப்படியே திரும்பப் பண்றாங்களேன்னு இருக்கு. ஷூ போடு, வார்ம் அப் பண்ணுன்றதெல்லாம் உங்களுக்கே தெரியும், விட்டுர்றேன். 11 லேருந்து 14 வயசு பசங்ககிட்ட எது நெஜமாவே ஆட்டத்தக் கெடுக்குதோ அத மட்டும் சொல்றேன்.

கரண்டி புடி

ராக்கெட் முகம் நேரா நெட்டப் பாக்குற மாதிரி, கரண்டி கணக்கா புடிக்கிறது. கை குலுக்குற மாதிரி புடிங்கன்னு முதல் நாள் ஒரு தடவ சொல்லிட்டு கோச் அதோட மறந்துர்றாரு, ரெண்டு ரேலி போனதும் பசங்க கை தானா கரண்டிக்கு வந்துரும், ஏன்னா அப்படிப் புடிச்சா ஷட்டில் ஈஸியா படும், நெட்டத் தாண்டும், நீங்களும் சூப்பர்னு சொல்லிருவீங்க. அங்கதான் வினையே. இந்தப் புடில முன்கை திரும்பாது, முழங்கைய மடக்கி நீட்டி தள்ளத்தான் முடியும், பின் லைன்லேருந்து அடிச்சா எதிர்ப்பக்கம் பாதி கோர்ட்லயே விழுந்துரும், பேக்ஹேண்ட், அதாவது புறங்கைப் பக்கமா அடிக்கிறது, சுத்தமா வராது.

ஏழாவது படிச்ச ஒரு பொண்ணு, நல்ல உயரம், இந்தப் புடிலயே கூட ஆடுற எல்லாரையும் ஜெயிச்சுட்டு இருந்துச்சு. ஜெயிக்கிற புள்ளய எதுக்கு மாத்தணும்னு அதோட கோச் கண்டுக்கல. ஒழுங்கா கத்துக்கிட்ட இன்னொரு புள்ள வந்து எல்லா ஷட்டிலயும் பேக்ஹேண்ட் பக்க பின் மூலைக்கே தூக்கிப் போட்டுச்சு, மேட்ச் முடிஞ்சுது. அப்புறம்தான் புடிய மாத்தினாங்க, மாத்தினதும் முன்ன ஜெயிச்ச பசங்ககிட்டயே தோக்க ஆரம்பிச்சுது, அந்த வயசுல அத யாரு தாங்குவா, விளையாட்டையே விட்டுருச்சு. இன்னிக்கு நெனச்சாலும் கடுப்பாகுது, புள்ள மேல இல்ல.

ஆள்காட்டி விரலக் கவனிங்க. கைப்பிடியோட பின்பக்கமா அது நேரா நீட்டிக்கிட்டு ஏறுச்சுன்னா புடி மாறிடுச்சு. ராக்கெட் விளிம்பு தரையப் பாக்கணும், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிக்கும் நடுவுல வர்ற 'வி' மேல் விளிம்புக்கு நேரா வரணும், விரல் லூஸா இருக்கணும். ஒவ்வொரு ரேலிக்கு முன்னாடியும் பாருங்க, பசங்க முறைச்சாலும் பரவால்ல. கைப்பிடி தடியா இருந்தாலும் இறுக்கிப் புடிப்பாங்க, கைப்பிடி சைஸ்ல ஜி4 விட ஜி5 ஒல்லி, அதுலயும் கிரிப் டேப்ப ஒண்ணு மேல ஒண்ணா சுத்தி வெச்சுராதீங்க. நெட் கிட்ட உயரமா வர்ற ஷட்டில தட்டுறப்போ பெரிய ப்ளேயர்ஸே கரண்டிக்கு மாறுவாங்கதான், வீடியோ பாத்துட்டு எவனாவது கேப்பான், அந்த ஒரு அடிக்கு மட்டும்தான்டான்னு காட்டுங்க.

சீக்கிரமே ஸ்மாஷ்

மொதல்ல கிளியர், அதாவது உயரமா தூக்கி அடிக்கிற அடி, எதிர்ப்பக்க பின் லைன் வரைக்கும் போகட்டும்.

வரிசை

பத்து பேர் வேடிக்க பாக்க ஒருத்தன் ஆடுறதுக்குப் பேரு பிராக்டிஸ் இல்ல.

முழு கோர்ட்

13.4 மீட்டர் கோர்ட்ல 21 பாயிண்ட் சிங்கிள்ஸ் ஆட விட்டா ஆரம்பத்துல பசங்க கத்துக்கிறது ஷட்டில் பொறுக்குறது மட்டும்தான். நீளவாக்குல ரெண்டாப் பிரிச்சு நாலு பேர ஆட விடுங்க, 11 பாயிண்ட் போதும்.

சர்வீஸ்

சர்வீஸ் அடிக்கிறப்போ ஷட்டில் தரையிலேருந்து 1.15 மீட்டருக்குக் கீழ இருக்கணும்னு 2018ல வந்த ரூலப் பெருமையா சொல்லிக்குடுப்பாங்க. அது பெரியவங்க உயரத்துக்கு சரி, இந்தப் பசங்கள்ல பல பேருக்கு அது நெஞ்சு உயரம், அங்கேருந்து சப்புன்னு அடிச்சே பாயிண்ட் எடுக்கப் பழகிருவாங்க. பிராக்டிஸ்ல இடுப்புக்குக் கீழன்னே வெச்சுக்கோங்க.