மெய்நிகர் கணினியின் திரையைத் திறந்து வைத்தால் ராம் குறைகிறதா?

லினக்ஸில் கேவிஎம் (லினக்ஸ் கர்னலின் மெய்நிகராக்க வசதி) வழியாக ஒரு மெய்நிகர் கணினியை, அதாவது கணினிக்குள் மென்பொருளால் உருவாக்கிய இன்னொரு கணினியை இயக்கி, அதன் திரையைக் காட்டும் விர்ட்-வியூவர் என்ற செயலியில் நாள் முழுவதும் திறந்து வைத்திருக்கும்போது ராம் மெல்ல மெல்லக் குறைந்தால், எந்த ப்ராசஸ் வளர்கிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். டாப் கட்டளையில், ஒவ்வொரு ப்ராசஸும் உண்மையில் பிடித்திருக்கும் ராமின் அளவைக் காட்டும் ரெஸ் (RES) என்ற பத்தியைச் சிறிது நேர இடைவெளியில் குறித்து வைத்து ஒப்பிட்டாலே இது புலப்படும்.

மெய்நிகர் கணினியை இயக்கும் கியூஈமு (QEMU) ப்ராசஸ் வளர்வதை உடனே நினைவகக் கசிவு (தேவை முடிந்த நினைவகத்தை விடுவிக்காத வழு) என்று முடிவுகட்டிவிடக் கூடாது. 4 ஜிபி ஒதுக்கிய மெய்நிகர் கணினி பொதுவாகத் தொடக்கத்திலேயே அவ்வளவையும் எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே இயங்கும் இயங்குதளம் நினைவகத்தின் ஒவ்வொரு பக்கத்தையும் முதன்முறை தொடும்போதுதான் அது உண்மையில் ஒதுக்கப்படுகிறது என்பதால், 4 ஜிபிக்குச் சற்று மேலே சென்று அங்கேயே நின்றுவிடுவது இயல்பானதே. அதையும் தாண்டி நிற்காமல் ஏறினால் மட்டும் முப்பரிமாண முடுக்கத்தை அணைத்துச் சோதியுங்கள்.

வளர்வது வியூவர் என்றால் பதற்றம் தேவையில்லை. லிப்விர்ட் என்ற மேலாண்மை மென்பொருள் நிர்வகிக்கும் மெய்நிகர் கணினி, வியூவரை மூடினாலும் தொடர்ந்து ஓடும். மூடியவுடன் ராம் திரும்பக் கிடைத்தால் கசிவு அங்கேதான் இருக்கிறது. அடுத்து, மெய்நிகர் கணினியின் திரையை வியூவருக்கு அனுப்பும் இணைப்பு முறையை ஸ்பைஸிலிருந்து (SPICE) விஎன்சி (VNC) என்ற மற்றொரு முறைக்கு மாற்றிப் பாருங்கள். இந்த மாற்றத்துக்கு மெய்நிகர் கணினியின் உள்ளிருந்து ரீஸ்டார்ட் செய்வது போதாது, ஏனெனில் பழைய கியூஈமு ப்ராசஸே தொடர்ந்து இயங்கும். முழுமையாக ஷட்டவுன் செய்துவிட்டுத்தான் மீண்டும் தொடங்க வேண்டும். விஎன்சியில் வளர்ச்சி நின்றுவிட்டால், சந்தேகத்தை ஸ்பைஸ் நிரல்தொகுப்பின் பக்கம் திருப்பலாம்; அதைப் புதிய பதிப்புக்கு மேம்படுத்திய பிறகும் தொடர்ந்தால், நினைவக ஒதுக்கீடுகளைப் பதிவுசெய்யும் ஹீப்ட்ராக் கருவியின் கீழ் வியூவரை இயக்கி, விடுவிக்கப்படாத நினைவகம் எந்தச் செயற்கூறில் (ஃபங்ஷன்) தேங்குகிறது என்று பார்த்து, அந்த விவரத்துடன் வழு அறிக்கை அளியுங்கள்.