ஊர்ச் சங்கம் எந்தப் பிரச்சினையை ஆராய்வது? தெரிவு செய்யும் முறை

சனசமூக நிலையத்தில் நாலு பேர் கூடி "ஊருக்கு ஏதாவது செய்வோம்" என்று கதைக்கத் தொடங்கினால் குப்பை, கட்டாக்காலி மாடு, வெள்ளம் நிற்கிற ஒழுங்கை, கிணற்றுத் தண்ணீர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். எல்லாவற்றையும் தூக்கினால் ஒன்றும் நகராது. வருடத்துக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு.

முதல் வேலை, வந்ததை எல்லாம் வெட்டாமல் எழுதுவது. கூட்டத்துக்கு வராதவர்களிடமும் போய்க் கேளுங்கள். பின்னேரம் கூட்டம் வைத்துவிட்டு, கடலுக்குப் போகிறவர்கள் வரவில்லை என்று குறைப்பட்டால் சரியா?

இரண்டாவது, முறைப்பாடுகளைக் கழிப்பது. தெருவிளக்கு எரியவில்லை என்றால் ஒரு கடிதம் போதும். எந்த ஒழுங்கைக்கு முதலில் விளக்குப் போடுவது என்று பிரதேச சபை எதை வைத்து முடிவெடுக்கிறது? அது ஆராய வேண்டிய விசயம்.

மூன்றாவதில்தான் பல சங்கங்கள் வழுக்கும்: முடிவு யார் கையில்? இலங்கையில் ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கு, சி, டி தரம் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களத்துக்கு, சின்ன உள்ளூர் வீதிகள் பிரதேச சபைக்கு. இது தெரியாமல் பிரதேச சபைத் தவிசாளரைப் பிடித்துச் சண்டை போட்டு என்ன பயன்?

கிணற்றுத் தண்ணீர் இன்னும் சிக்கல். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது, சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்குகிற மழைதான் கிணற்றில் ஊறுகிறது, தோட்டத்து உரமும் மலக்குழிக் கழிவும் அதே கல்லுக்குள்தான் இறங்குகின்றன. உரம் என்றால் விவசாயத் திணைக்களம், குழாய்நீர் என்றால் நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை, கட்டிட அனுமதி என்றால் பிரதேச சபை. ஆகவே "கிணற்றுத் தண்ணீர்" என்று எடுக்காதீர்கள். "வீடு கட்ட அனுமதி கொடுக்கும்போது கிணற்றுக்கும் மலக்குழிக்கும் இடையிலுள்ள தூரத்தை எங்கள் பிரதேச சபை நேரில் போய் அளக்கிறதா?" இந்த அளவுக்குச் சுருக்குங்கள்.

பிறகு, தகவல் கிடைக்குமா என்று பாருங்கள். கிணற்று நீரில் நைத்திரேற்று (உரத்திலும் மலக்கழிவிலும் இருந்து இறங்குகிற உப்பு) பற்றி ஏற்கெனவே பல ஆய்வுகள் உண்டு, அதைத் திரும்ப அளக்கத் தேவையில்லை. அனுமதிக் கோப்புகளுக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. ஏன் கேட்கிறோம் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும்.

காலமும் முக்கியம். காசு சம்பந்தப்பட்டது என்றால் பிரதேச சபையின் அடுத்த வருட பாதீடு நிறைவேறுவதற்கு முன் உங்கள் அறிக்கை கையில் இருக்க வேண்டும்.

கடைசியாக, மிஞ்சிய தலைப்புகளில் எதை எடுப்பது என்று வாக்கெடுப்பு. அமெரிக்காவில் 1920இல் தொடங்கிய பெண் வாக்காளர் கழகத்தில் எதை ஆராய்வது என்பதை உறுப்பினர்களே தீர்மானிக்கிறார்கள். இரு பக்க நியாயத்தையும் படித்துக் கலந்து பேசி ஒத்த கருத்துக்கு வந்த பிறகுதான் கழகம் நிலைப்பாடு எடுக்கும். நாங்களோ பெரும்பாலும் அறிக்கையை வெளியிட்டுவிட்டுத்தான் படிக்கத் தொடங்குவோம். வாக்கு எண்ணி முடிந்ததும் கோப்பு கேட்க ஒருவர், வீடு வீடாகப் போக இருவர், எழுத ஒருவர் என்று அங்கேயே பெயர் குறியுங்கள். பெயர் கொடுக்க ஆளில்லாத தலைப்பை விட்டுவிட்டு, அதிக வாக்குப் பெற்ற அடுத்ததை எடுங்கள்.