தக்காளி அடிப்பக்கம் கருத்துப்போச்சா? எனக்கு இப்படித்தான் சரியாச்சு

இந்த வெயில் காலம் முழுக்க தொட்டிச் செடிங்களோடதான் இருந்தேன். தக்காளி நல்லா காய்ச்சுது, ஆனா காயைத் திருப்பிப் பார்த்தா அடியில, பூ இருந்த இடத்துல, பழைய தோல் மாதிரி அமுங்கிப்போய் ஒரு கருப்பு வட்டம். இது பூச்சியும் இல்ல பூஞ்சையும் இல்ல, காய்க்கு கால்சியம் போய்ச் சேராததால வர்றது. மண்ணுல கால்சியம் இருந்தாலும் அது தண்ணியோடதான் மேல ஏறும், தொட்டி ஒரு நாள் காய்ஞ்சு மறுநாள் நிறைஞ்சு நின்னா சப்ளை விட்டுவிட்டுப் போகும், வர்றதையும் இலைங்களே இழுத்துக்கும். முட்டை ஓடு பொடி போட்டா உடனே சரியாகும்னு சொல்றத நான் நம்பல, அது மக்கவே மாசக்கணக்காகும்.

நான் பண்ணது இதுதான், காலையில விரலை மண்ணுக்குள்ள 2 அங்குலம் விட்டுப் பார்த்து காய்ஞ்சிருந்தா அடி ஓட்டை வழியா வழியுற வரைக்கும் தண்ணி, மேல சருகு மூடாக்கு, உச்சி வெயிலுக்கு நிழல் வலை, தழைச்சத்து (நைட்ரஜன்) உரத்தையும் குறைச்சுட்டேன். கருத்த காய் திரும்ப நல்லாகாது, பறிச்சுடுங்க. அடுத்து வந்த கொத்து பளபளன்னு இருந்துச்சு, அவ்ளோ சந்தோஷம்!

தக்காளி கதை அவ்ளோதான், இன்னொரு விஷயம்: வெள்ளரி கூடுதலா வந்தப்ப 1 லிட்டர் தண்ணிக்கு 50 கிராம் உப்பு கரைச்சு கண்ணாடி பாட்டில்ல ஊறப்போட்டேன். மேல மிதக்கறதுலதான் பூசணம் பிடிக்கும், அதனால சின்னக் கிண்ணம் வெச்சு அமுக்கி முழுக்க தண்ணிக்குள்ளயே இருக்கணும், மூடியை தினமும் லேசா திறந்து, புளிக்கும்போது வர்ற கேஸை வெளிய விடணும். பூப்பக்கத்து நுனிய நறுக்கிட்டுப் போடுங்க, கொழகொழன்னு ஆகாம மொறுமொறுன்னு நிக்கும்.