ஆஃபீஸ் கணினியில் சொந்த பென் டிரைவ்: செருகுவதற்கு முன் செய்ய வேண்டியவை

"இன்ஸ்டாலே பண்ணலையே, பென் டிரைவிலிருந்து நேரா ஓடுது, இதுல என்ன தப்பு?" போர்ட்டபிள் மென்பொருள் பயன்படுத்தும் புதியவர்கள் பலரும் கேட்பது இதுதான். இன்ஸ்டால் ஆகாவிட்டாலும் அது ஆஃபீஸ் ஃபைல்களைப் படிக்கும், இணையத்தோடும் பேசும். அதனால் அனுமதி கட்டாயம் வேண்டும்.

படி 1: ஐடி டீமுக்கு டிக்கெட் (எழுத்து மூலக் கோரிக்கை) போடுங்கள். எந்த டிரைவ், எந்த மென்பொருள், எதற்காக என்று எழுதி, பதில் வரும்வரை பொறுங்கள். "எல்லாரும் போடுறாங்க, நீயும் போடு" என்று சீனியர் சொல்வது அனுமதி ஆகாது. கணினி தடுக்கவில்லை என்பதும் அனுமதி ஆகாது. செருகியது தெரியாமல் போகாது: டிரைவின் விவரத்தை விண்டோஸ் தன் ரெஜிஸ்ட்ரி என்ற உள் பதிவேட்டில் குறித்துக்கொள்ளும்.

படி 2: மென்பொருளின் லைசென்ஸைப் படியுங்கள். உதாரணமாக, தூரத்திலிருந்து இன்னொரு கணினியை இயக்க உதவும் ரிமோட் மென்பொருளான டீம்வியூவர் சொந்த உபயோகத்துக்கு மட்டுமே இலவசம். ஆஃபீஸ் வேலைக்குக் காசு கட்ட வேண்டும். அதோடு, வெளியிலிருந்து ஆஃபீஸ் கணினிக்குள் நுழைய அது வழி திறந்துவிடும். ஆகவே ரிமோட் மென்பொருளை நீங்களாக ஒருபோதும் ஓட்டாதீர்கள்.

படி 3: அனுமதி கிடைத்ததும் டிரைவைப் பூட்டுங்கள், அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி என்கிரிப்ட் செய்யுங்கள். இதை அவசரமில்லாமல் செய்யுங்கள். விண்டோஸ் புரோ உள்ள கணினியில் டிரைவின் மேல் ரைட் கிளிக் செய்து 'டர்ன் ஆன் பிட்லாக்கர்' (விண்டோஸிலேயே உள்ள பூட்டும் வசதி) கொடுத்து, நீளமான பாஸ்வேர்டு வையுங்கள். அடுத்து வரும் 48 இலக்க ரெகவரி கீயை வேறிடத்தில் சேமியுங்கள். பாஸ்வேர்டு மறந்தால் அதை விட்டால் வழியில்லை. பழைய டிரைவ் என்றால் முழு டிரைவையும் என்கிரிப்ட் செய்யும் தேர்வையே எடுங்கள். டெலீட் செய்த ஃபைல்களின் மிச்சம் உள்ளே இருக்கும், அதையும் மீட்டெடுக்க முடியும். கடைசியாக, வேறு கணினிகளிலும் செருகும் டிரைவுக்கு ஏற்ற 'கம்பாட்டிபிள் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் ஹோம் கணினியில் இப்படிப் பூட்ட முடியாது, பூட்டியதைத் திறக்கலாம்.

ஆஃபீஸில் டிரைவ் திறந்தும் எதுவும் எழுத முடியவில்லையா? நீங்கள் டிரைவைப் பூட்டாமல் விட்டிருந்தால், பிட்லாக்கர் இல்லாத டிரைவில் எழுதவிடாத விதி ஆஃபீஸில் இருக்கலாம். குறுக்கு வழி தேடாமல் ஐடி டீமைக் கேளுங்கள்.

படி 4: கீழே கிடந்த டிரைவைச் செருகாதீர்கள். அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழக வளாகத்தில் ஆய்வாளர்கள் வேண்டுமென்றே போட்டுவைத்த 297 டிரைவ்களில் 45 சதவீதத்தில் யாரோ ஃபைலைத் திறந்தார்கள் என்று 2016-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. எடுத்ததை ஐடி டீமிடம் கொடுத்துவிடுங்கள்.

படி 5: வேலை முடிந்ததும் ஃபைல்களை ஆஃபீஸின் பொது ஃபோல்டருக்கு மாற்றி, டிரைவிலிருந்து நீக்குங்கள். டிரைவ் தொலைந்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பூட்டியிருந்தாலும் சரி.