சின்னப் பிள்ளைக்குச் சின்ன வண்டில்: வாங்கும்போதும் தள்ளும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

என் மகளுக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிந்து ஒரு கிழமைகூட ஆகவில்லை. சுவிஸிலிருந்து வந்த ஒன்றுவிட்ட அக்கா தோளில் ஒரு பையைக் கொழுவியபடி வீட்டுக்குள் வந்தா. பையைத் திறந்து ஒரு கையால் உதறினா, அது ஸ்ரோலராக விரிந்தது. "விமானத்திலை தலைக்கு மேலை வைச்சுக் கொண்டு வந்தனான்" என்றா. எனக்கு அந்த வண்டிலில் ஒரே ஆசை. பிள்ளையை அதில் வைத்து முற்றத்தில் இரண்டு சுற்றுத் தள்ளியிருப்பேன், அம்மா குசினிக்குள் இருந்து வந்து பார்த்தா.

"பிள்ளை, இவள் சுருண்டெல்லே கிடக்கிறாள். நாடி நெஞ்சிலை முட்டுது பார். முதல் வெளியிலை தூக்கு."

"அங்கை எல்லாரும் இதைத்தான் வைச்சிருக்கினம்" என்று அக்கா சொன்னதும் பொய்யில்லை. ஆனால் அவவுடைய மகன் அதில் முதன்முதலாக ஏறியபோது அவனுக்குப் பத்து மாதம். என் மகளுக்கு முப்பத்தேழு நாள். சின்ன வண்டில் வாங்குகிற அநேகம் பேர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். வண்டில் எவ்வளவு சின்னதாக மடியும் என்று பார்க்கிறோம், பிள்ளை அதில் எவ்வளவு தட்டையாகப் படுக்கும் என்று பார்ப்பதில்லை. மடிக்கிற வசதி நமக்கு. படுக்கிற வசதிதான் பிள்ளைக்கு.

முதல் ஆறு மாதத்தில் இது வெறும் சொகுசுப் பிரச்சினை அல்ல. பச்சைப் பிள்ளைக்கு உடம்போடு ஒப்பிட்டால் தலை பெரிது, கழுத்துத் தசைக்கு அதைத் தாங்கும் வலு இன்னும் வரவில்லை. சாய்மானம் நிமிர்ந்திருந்தால் தலை முன்னுக்குத் தொங்கும், நாடி நெஞ்சில் முட்டும், ஏற்கெனவே ஒடுக்கமான மூச்சுக்குழாய் மடங்கி இன்னும் ஒடுங்கும். பெரியவர்களுக்கு இப்படி நேர்ந்தால் தலையை நிமிர்த்திவிடுவோம். பிள்ளையால் முடியாது, பல வேளை அழக்கூட மாட்டாது. பார்க்கிறவர்களுக்கு நல்ல நித்திரைபோலவே தெரியும். அதனால்தான் உதவியில்லாமல் தானாக நிமிர்ந்து இருக்கும்வரை, ஏறக்குறைய ஆறு மாதம்வரை, பிள்ளை தட்டையாகவோ கிட்டத்தட்டத் தட்டையாகவோ படுக்கக்கூடிய வண்டில்தான் வேண்டும் என்று சொல்கிறார்கள்.

இந்தக் குறை ஏன் சின்ன வண்டில்களில் கூடுதலாக இருக்கிறது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. குடைபோல மடியும் வண்டிலை 1965இல் உருவாக்கியவர் ஓவன் மக்லாரன் என்ற ஆங்கிலேயர். ஸ்பிற்ஃபயர் போர்விமானத்தின் இறங்கு சில்லு அமைப்பில் வேலை செய்த பொறியியலாளர் அவர். வெளிநாட்டிலிருந்து வந்த மகள் பேத்தியின் பாரமான வண்டிலோடு படும் பாட்டைப் பார்த்து, அலுமினியக் குழாயும் துணியும் மட்டும் வைத்து மூன்று கிலோவுக்கும் குறைவான ஒன்றைச் செய்தார். பாரம் குறைந்தது எப்படி? பழைய வண்டில்களில் இருந்த தட்டையான கட்டில் போய், அந்த இடத்தில் தொங்கும் துணி இருக்கை வந்தது. எழும்பி இருக்கிற பிள்ளைக்கு அது அருமையான கண்டுபிடிப்பு. அந்த வழியில் வந்த வண்டில்கள் பலவற்றில் தட்டையாகப் படுக்கும் வசதி இன்றும் இல்லை.

ஆகவே பெட்டியில் எழுதியிருக்கும் வயதைத் தேடிப் பாருங்கள். பெயரை மட்டும் பார்த்தால் ஏமாறுவோம். யோயோ என்ற பிரபலமான மடிப்பு வண்டிலுக்குப் பிறந்த பிள்ளைக்கென ஒரு படுக்கைத் தொகுதியும் ஆறு மாதத்துக்கு மேற்பட்டோருக்கென வேறொரு இருக்கையும் உண்டு. சட்டகம் ஒன்றுதான். வெளிநாட்டிலிருந்து அனுப்புகிற உறவினர்கள் பெரும்பாலும் தங்கள் பிள்ளை பாவித்த ஆறு மாத இருக்கையோடு அனுப்பிவிடுவார்கள், படுக்கைத் தொகுதி அங்கேயே நின்றுவிடும். மடித்தால் கைப்பை அளவுக்குச் சுருங்கும் ஜிபி பொக்கிட் வண்டிலும் ஆறு மாதத்துக்கு மேல்தான். "உங்கடை வண்டில் பிறந்த பிள்ளைக்கோ, ஆறு மாதத்துக்குப் பிறகோ?" என்று அனுப்புமுன்னரே கேட்டுவிடுவதில் வெட்கமில்லை.

எழுத்து அழிந்துபோன பழைய வண்டிலென்றால், இருக்கையை முழுதாகச் சாய்த்துப் பக்கவாட்டில் நின்று பாருங்கள். முதுகும் தொடையும் கிட்டத்தட்ட ஒரே கோட்டில் வரவேண்டும். நடுவில் துணி பள்ளமாகத் தொங்கினால், எவ்வளவு சாய்ந்தாலும் அது பச்சைப் பிள்ளைக்கானதல்ல. பள்ளத்தை நிரப்பத் தலையணையையோ சுருட்டிய துவாயையோ கீழே வைக்கவும் கூடாது. அது தலையை இன்னும் முன்னுக்குத் தள்ளும், நழுவினால் மூக்கை மூடும்.

ஒழுங்கையும் சில்லும்

கடையில் எல்லா வண்டிலும் வழுவழுவென்று ஓடும், ஏனென்றால் கடைக்கு மாபிள் தரை. நம் வீட்டுக்கு முன்னால் இருப்பது கிறவல் ஒழுங்கை. மடிப்பு வண்டில்களின் சில்லு பெரும்பாலும் ஒரு சாணுக்கும் குறைவு. சின்னக் கல்லொன்று குறுக்கே வந்தால் முன்சில்லு திரும்பி நிற்கும், பின்னால் தள்ளுகிறவரின் பாரத்தில் வண்டில் முன்னுக்குக் குத்தும். யாழ்ப்பாண டவுனுக்குப் போனால் நடைபாதை உயரம், அதன் ஓரத்தில் வாய்க்கால், வாய்க்கால் மூடியின் இடைவெளியில் சில்லு அப்படியே இறங்கிவிடும். கஸ்தூரியார் வீதியில் ஒரு தடவை தள்ளிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நான் சொல்கிற சோதனை இதுதான். ஐந்து கிலோ அரிசிப் பையை இருக்கையில் வைத்து, பெல்ட்டைப் போட்டு, கடை வாசலைத் தாண்டி வெளியே கொண்டுபோங்கள். சில மாதப் பிள்ளையின் நிறை ஏறக்குறைய அதுதான். மண்ணிலும் கல்லிலும் தள்ளுங்கள், ஒரு கையாலும் தள்ளுங்கள். பை துள்ளித் துள்ளி விழுகிறதா என்று பாருங்கள். அது துள்ளுகிற இடத்தில் பிள்ளையின் தலையும் துள்ளும். வெளியே கொண்டுபோக விடாத கடையென்றால் வேறு கடை பாருங்கள். முன்சில்லைத் திரும்பாமல் நேராகப் பூட்டும் வசதி இருந்தால் கிறவலில் பெரிய உதவி. மணல் வந்தால் தள்ளாமல், மெல்லத் திருப்பிப் பின்பக்கமாக இழுப்பது சுகம்.

நல்லூர்த் திருவிழாவுக்கு மட்டும் வண்டிலை வீட்டில் விட்டுவிடுங்கள். அந்த 25 நாளும் வெளிவீதியில் மணல் பரப்பியிருக்கும், சனம் தோளோடு தோள் இடிக்கும். முழங்கால் உயரத்தில் கிடக்கிற பிள்ளையைப் பின்னால் வருகிறவர் காணமாட்டார். தோளில் போட்டுக்கொண்டு போவதுதான் அங்கே பாதுகாப்பு.

கைப்பிடியில் பை

நிறையப் பேர் தினமும் செய்கிற தவறு இது, நானும் செய்தேன். யாழ்ப்பாணத் திருநெல்வேலிச் சந்தையில் மரக்கறிப் பையைக் கைப்பிடியில் கொழுவியிருந்தேன், அதற்கு மேல் பிள்ளையின் பால்மா, துணி வைத்த பை. பிள்ளை அழுதாள் என்று தூக்கினேன். தூக்கிய அதே கணம் வண்டில் பின்னுக்குச் சரிந்து மல்லாந்து விழுந்தது. பிள்ளை என் கையில் இருந்தாள். அவள் இன்னும் உள்ளே இருக்கும்போது கீரைப்பிடி ஒன்றைக் கூடுதலாகக் கொழுவியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று அன்று இரவு முழுக்க நினைத்துக்கொண்டே கிடந்தேன்.

காரணம் எளிது. பாரம் குறைந்த வண்டிலை நிலத்தில் நிறுத்தி வைப்பதே பிள்ளையின் நிறைதான். கைப்பிடி பின்சில்லுக்கும் பின்னால் நிற்கிறது, அதில் தொங்குகிற ஒவ்வொரு கிலோவும் நெம்புகோல்போல வண்டிலைப் பின்னுக்கு இழுக்கும். ஆறேழு கிலோ வண்டிலில் ஐந்து கிலோ பிள்ளை, கைப்பிடியில் நாலு கிலோ மரக்கறி என்றால் சிறிய மேடு போதும் கவிழ. சாமான் கீழ்க் கூடைக்குள் போகட்டும். அதற்கும் எத்தனை கிலோ என்று ஒரு அளவு எழுதியிருக்கும், மடிப்பு வண்டில்களில் அது குறைவு. கூடை நிறைந்தால் மிச்சம் நம் தோளில்.

பெல்ட் பற்றியும் ஒரு சொல். "தவழக்கூட மாட்டாத பிள்ளைக்கு ஏன் பெல்ட்" என்று மாமிமார் கேட்பார்கள். முன்னால் பிடிக்கும் கம்பியொன்று இருந்தாலும் கட்டாயம் பெல்ட் வேண்டும். கட்டாத பிள்ளை கால்பக்கமாக மெல்ல வழுகி, உடம்பு கம்பிக்குக் கீழால் இறங்க, தலை மட்டும் சிக்கிக்கொள்ளும். இரு தோள், இரு இடுப்பு, கால்நடுவே ஒன்று என ஐந்து இடத்திலும் பிடிக்கும் பெல்ட்டாக இருக்கட்டும்.

நிற்கும்போதெல்லாம் பிறேக். பேசிக்கொண்டு நிற்கிற அரை நிமிடமானாலும்.

ஓட்டோ, பஸ், விரல்

இரண்டாம், நாலாம், ஆறாம் மாத ஊசிக்குக் கிளினிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஓட்டோவில்தான் போகிறார்கள். இங்கே சின்ன வண்டில் உண்மையில் கைகொடுக்கும், மடித்துக் காலடியில் வைக்கலாம். ஆனால் மடிப்பதில் ஒரு ஆபத்து ஒளிந்திருக்கிறது. மடிகிற மூட்டுகள் கத்தரிக்கோல்போல வேலை செய்யும். 2009 நவம்பரில் அமெரிக்காவில் மக்லாரன் நிறுவனம் சுமார் பத்து இலட்சம் வண்டில்களுக்கு மூட்டை மறைக்கும் உறை வழங்க நேர்ந்தது, பிள்ளைகளின் விரல் நுனிகள் அந்த மூட்டில் சிக்கித் துண்டிக்கப்பட்டதால். சிறந்த பெயரும் கெட்ட மூட்டும் ஒன்றாக இருக்கலாம் என்று அதிலிருந்து விளங்குகிறது. விரிக்கும்போதும் மடிக்கும்போதும் பிள்ளை வேறொருவர் கையில், மூத்த பிள்ளை இரண்டடி தள்ளி. விரித்ததும் 'கிளிக்' என்று பூட்டுச் சத்தம் கேட்டதா என்று பார்த்து, கையால் ஒருதரம் அமத்திப் பார்த்த பின்னரே பிள்ளையை வைக்க வேண்டும். பஸ் நடத்துநர் அவசரப்படுத்துகிற நேரத்தில் முதல் தடவையாக மடித்துப் பழகாதீர்கள். வீட்டில் பத்துத் தரம் மடித்துப் பழகிவிட்டுப் போங்கள்.

ஓடுகிற வானுக்குள் வண்டிலை விரித்து வைத்துப் பிள்ளையை அதில் படுக்க வைப்பதும் கண்டிருக்கிறேன். வண்டில் கார் இருக்கை அல்ல. பிறேக் அடித்தால் அது உருளும்.

வெயிலுக்குத் துணி

இதைத்தான் நான் அதிகமாகக் கவலைப்பட்டு எழுதுகிறேன், ஏனென்றால் அன்பினால் செய்கிற தவறு இது. வைகாசிக் காண்டாவனத்தில் வெயில் தெறிக்கும்போது, தாய் தன் சால்வையை எடுத்து வண்டிலின் முன்பக்கத்தை மூடிவிடுகிறாள். நிழல் கிடைத்தது. காற்று நின்றுபோயிற்று. 2014இல் சுவீடன் நாளிதழ் ஒன்று இதை வெப்பமானி வைத்துப் பார்த்தது. மூடாத வண்டிலுக்குள் 22 பாகை இருந்தது, மெல்லிய துணியால் மூடியதும் அரை மணியில் 34, ஒரு மணியில் 37. அவர்கள் 22இல் தொடங்கினார்கள். நாம் தொடங்குவதே 30க்கு மேல். பிள்ளையின் உடம்பு நம்முடையதைவிட வேகமாகச் சூடேறும், வேர்த்துக் குளிரவும் அதற்கு இன்னும் நன்றாக வராது.

மேற்கூரையை முழுதாக இழுக்கலாம், பக்கவாட்டில் காற்றோட வலை இருந்தால் திறந்துவிடலாம், குடை பிடிக்கலாம். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் வெளியிட்ட ஆய்வில் உலர்ந்த துணி வண்டிலைச் சூடாக்கியது, ஈரத்துணியோடு சின்ன விசிறியும் சேர்ந்தபோது குளிர்ந்தது. ஆனால் புழுக்கம் மிகுந்த நாளில் ஈரம் எளிதில் ஆவியாகாது என்பதால் நான் அதை நம்பி மத்தியானத்தில் புறப்படமாட்டேன். காலையில் ஒன்பதுக்கு முன், பின்னேரம் நாலரைக்குப் பின், அவ்வளவுதான் எங்கள் வீட்டுச் சட்டம். பிள்ளையின் கழுத்தின் பின்புறத்தைத் தொட்டுப் பாருங்கள். வேர்த்து நனைந்திருந்தால் உடனே வெளியே தூக்குங்கள். வெயிலில் நின்ற வண்டிலின் கொளுக்கியையும் கையால் தொட்டுப் பார்த்துவிட்டுப் பூட்டுங்கள், இரும்பென்றால் தோலைச் சுடும்.

பொலித்தீன் மழை உறைக்கும் இதே கதை. கார்த்திகை மழை விட்டதும் அதைக் கழற்றிவிட வேண்டும், வெயில் பட்டால் உள்ளே அவியும். நுளம்பு வலை வேறு, அதில் காற்று போகும், டெங்குக் காலத்தில் தாராளமாகப் போடுங்கள். இறுக்கமாக ஓரம் பிடிக்க வேண்டும், பிள்ளையின் முகத்தில் படக்கூடாது.

மடிப்பு வண்டில்களில் பிள்ளை பெரும்பாலும் முன்னுக்குப் பார்த்தபடி கிடக்கும். முகம் நமக்குத் தெரியாது. பத்து நிமிடத்துக்கொருதரம் நின்று முன்னால் போய்ப் பாருங்கள். நித்திரையானால் முழுதாகச் சாய்த்துவிடுங்கள். வீடு வந்ததும் "நல்லா நித்திரை, எழுப்பக்கூடாது" என்று வண்டிலிலேயே விட்டுக் குசினிக்குப் போகாமல், தட்டையான பாயிலோ தொட்டிலிலோ மாற்றுங்கள்.

எங்கள் வீட்டில் அக்கா கொண்டுவந்த வண்டில் ஏழாம் மாதத்தில்தான் மறுபடி வெளியே வந்தது. யாழ்ப்பாணம் புகையிரத நிலைய மேடையில், மழமழவென்ற சீமெந்தில், மகள் நிமிர்ந்து இருந்து கொழும்பு ரயிலைப் பார்த்துக் கைதட்டினாள். அதுவரை அவள் வெளியில் போனதெல்லாம் என் தோளிலும் அம்மாவின் இடுப்பிலும்தான். இப்போது அந்த வண்டில் கொக்குவிலில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறது. கொடுக்குமுன் பிறேக்கையும் மடிப்புப் பூட்டையும் ஒவ்வொரு கொளுக்கியையும் பார்த்து, உப்புக்காற்றில் துருப்பிடித்த ஒரு ஆணியை மாற்றினேன். அவளுடைய மகனுக்கு நாலு மாதம். வண்டில் அலுமாரிக்கு மேல் இருக்கிறது.